ஒப்பாரியை ஆக்கியவர் யார்? ‘எஞ்சாய் எஞ்சாமி’ பாடலின் ஆக்கமும் ஏற்பும்

ஆய்வுச் சுருக்கம்

2021ஆம் ஆண்டு மார்ச் 7 அன்று வெளியான ‘எஞ்சாய் எஞ்சாமி’, திரைப்படத்தைச் சாராத தமிழ்ப் பாடல்களுள் உலக அளவில் பெருங்கவனம் பெற்ற ஒன்று. அதன் ஆக்கவுரிமை குறித்து எழுந்த பூசல் பெரும்பாலும் தனிமனிதர்களுக்கிடையிலான மனவேறுபாடாகவே பேசப்பட்டது. சொல்லும் மெட்டும் ஒரே வாயில் ஒருங்கே பிறக்கும் ஒப்பாரி மரபை, இசையமைப்பாளர், பாடலாசிரியர், பாடகர் என்னும் திரையிசைப் பாகுபாட்டைக் கொண்டு அளந்தமையே அப்பூசலின் வேர் என இக்கட்டுரை வாதிடுகிறது.

திறவுச்சொற்கள்: ஒப்பாரி, தனியிசை, ஆக்கவுரிமை, வாய்மொழி மரபு, மலையகத் தமிழர்

முன்னுரை

தமிழில் வெகுமக்கள் பாடல் என்பது நெடுங்காலமாகத் திரைப்பாடலையே குறித்து வந்துள்ளது. கதைச்சூழலை இயக்குநர் விளக்க, இசையமைப்பாளர் மெட்டமைக்க, பாடலாசிரியர் அதற்குச் சொல் நிரப்ப, பின்னணிப் பாடகர் பாடுவது என்னும் வேலைப்பிரிவினை கேட்போர் மனத்திலும் ஊறியுள்ளது. இப்பழக்கத்திற்கு வெளியே தோன்றியது ‘எஞ்சாய் எஞ்சாமி’. ஏ. ஆர். ரகுமானின் ஆதரவுடன் தொடங்கப்பட்ட ‘மாஜா’ தளம் இதனை வெளியிட்டது. தீ, அறிவு ஆகியோரின் குரல்களும் சந்தோஷ் நாராயணனின் இசையாக்கமும் இதில் இணைந்தன. காணொளியை அமித் கிருஷ்ணன் இயக்கினார். சில மாதங்களுக்குள் யூடியூபில் பத்துக் கோடிப் பார்வைகளை இப்பாடல் கடந்தது. இவ்வெற்றியை எண்ணிக்கையால் மட்டும் விளக்க முற்படுவது போதாது. இப்பாடல் எதனால் ஆனது, கேட்டோர் அதில் எதனைக் கேட்டனர் என்னும் இரு வினாக்களையும் சேர்த்தே எழுப்ப வேண்டியுள்ளது.

தலைப்பின் இருமை

‘என் சாமி’ என்பது பேச்சில் ‘எஞ்சாமி’ என ஒலிக்கும். னகரம் சகரத்தின் முன் ஞகரமாகத் திரிவது பேச்சுத்தமிழின் இயல்பு. ‘எஞ்சாய்’ என்னும் ஆங்கிலச் சொல்லும் தமிழ் நாவில் அதே ஒலிக்கூட்டத்துடன் தொடங்குகிறது. எனவே மோனையும் எதுகையும் ஒருங்கே அமைகின்றன. ஆனால் பொருள்நிலையில் இவ்விரு சொற்களும் எதிரெதிர்த் திசையில் நிற்கின்றன. ‘சாமி’ என்பது நிலமற்ற உழைப்பாளர் நிலவுடைமையாளரை விளிக்கும் சொல். அதே சொல்லால் பாட்டி பேரனைக் கொஞ்சவும் செய்வாள். பணிவின் சொல் ஒன்றைக் குடும்பத்திற்குள் அன்பின் சொல்லாக மாற்றிக்கொண்ட மக்களின் மொழி வரலாறு இவ்விளியில் பொதிந்துள்ளது. தலைப்பின் முதற்சொல் கொண்டாட்டத்திற்கு அழைக்கிறது. இரண்டாம் சொல் அவ்வழைப்பு யாருக்கு மறுக்கப்பட்டிருந்தது என்பதை நினைவூட்டுகிறது.

கொண்டாட்டமும் புலம்பலும்

பாடலின் அமைப்பிலும் இவ்விருமை தொடர்கிறது. குயிலின் ஒலியைப் பின்பற்றும் பல்லவியைத் தீ பாடுகிறார். மரமும் குளமும் சிற்றுயிர்களும் நிலத்தில் பங்குடையன என்னும் கருத்து, குழந்தைப் பாடலுக்குரிய எளிய அடுக்குகளில் சொல்லப்படுகிறது. அறிவின் பகுதி சொல்லிசையாகத் தொடங்கிப் பின்னர் ஒப்பாரியின் நடைக்கு மாறுகிறது. தோட்டத்தை உருவாக்கியவருக்கு அதன் பயன் கிட்டாமற்போன துயரமே அங்குப் பாடுபொருள்.

இத்துயரத்திற்குத் திட்டவட்டமான வரலாறு உண்டு. தம் பாட்டி இலங்கையின் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துப் பின்னர்த் தமிழகம் திரும்பியவர் என அறிவு நேர்காணல்களில் கூறியுள்ளார். மலையகத் தமிழருள் மிகப் பெரும்பான்மையினரை இலங்கையின் 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் நாடற்றவராக்கியது. 1964ஆம் ஆண்டுச் சிறிமாவோ–சாஸ்திரி உடன்படிக்கை 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்பவும் 3,00,000 பேருக்கு இலங்கைக் குடியுரிமை வழங்கவும் வழிவகுத்தது. எஞ்சிய 1,50,000 பேரின் நிலை பின்னர் முடிவு செய்யப்படுமென ஒத்திவைக்கப்பட்டது. காட்டை அழித்துத் தோட்டமாக்கிய உழைப்பாளரின் வழிவந்தோர் இரு அரசுகளின் பேரத்தில் எண்ணிக்கைகளாயினர். பாடலில் வரும் தோட்டத்தை இவ்வரலாற்றோடு சேர்த்துக் கேட்டால், அது அழகிய இயற்கைக் காட்சி என்னும் நிலையிலிருந்து உரிமை வழக்கு என்னும் நிலைக்கு மாறிவிடுகிறது.

ஆயினும் பாடலின் பரவலில் முன்னின்றது பல்லவியே. குறுங்காணொளிகளில் அது ஆடலுக்குரிய இசைத்துண்டாகப் பயன்பட்டது. இதனைக் கேட்போரின் குறையாகக் கருத வேண்டியதில்லை. இழவு வீட்டில் ஒப்பாரியும் பறையும் ஆட்டமும் ஒருங்கே நிகழ்வது தமிழ்ச் சமூகத்திற்குப் புதிதன்று. அங்கு ஆடுவோர்க்கு யாருக்காக ஆடுகிறோம் என்பது தெரியும். துண்டாக்கப்பட்டுப் பரவிய பாடலில் அத்தொடர்பு அறுந்துவிட்டது என்பதே இங்குள்ள சிக்கல்.

ஆக்கம் குறித்த இரு மரபுகள்

சொல்லையும் இசையையும் வேறு வேறு ஆக்கங்களாகக் காணும் வழக்கம் தமிழில் பழமையானது. பரிபாடலின் அடிக்குறிப்புகள் பாடிய புலவரின் பெயர், இசை வகுத்தவரின் பெயர், பண் ஆகியவற்றைத் தனித்தனியே சுட்டுகின்றன. இதற்கு மாறாகப் பதிகங்களைப் பாடியோர் சொல்லையும் பண்ணையும் பிரித்தறிய இயலாதவாறு பாடினர் என்பதே தேவார மரபு நமக்கு அளிக்கும் படிமம். திருஞானசம்பந்தர் தம் பதிகங்களின் கடைக்காப்பில் தம் பெயரையும் பொறித்தார்.

ஒப்பாரி இவ்விரண்டாம் வகையின் எழுதப்படாத வடிவம். முன்பே இருக்கும் வாய்பாடுகளையும் ஓசை வார்ப்புகளையும் கையாண்டு, இறந்தவரின் வாழ்வுக்கேற்ப அந்நேரத்திலேயே பெண்கள் பாடலைக் கட்டுகின்றனர். இழுவை, விம்மல், விளி ஆகியன சொல்லோடு பிறந்து மெட்டாகின்றன. முதலில் மெட்டு, பிறகு சொல் என்னும் வரிசைக்கு இங்கு இடமில்லை. எழுத்து மரபோ கையறுநிலையைத் துறையாக வகுத்துப் புலவர்களின் பெயர்களைக் காத்தது. ஒப்பாரி பாடிய பெண்களின் பெயர்களைக் காக்கவில்லை.

இப்பின்னணியில் ‘எஞ்சாய் எஞ்சாமி’யின் ஒரு கூறு தனிக்கவனத்திற்குரியது. பாடற்குரல் தன்னைப் பாட்டியின் பெயரைச் சொல்லி அவருடைய பேரனாக அறிமுகப்படுத்திக்கொள்கிறது. கடைக்காப்பில் பாடியவரின் பெயர் நிற்கும். இங்கோ யாரிடமிருந்து பாட்டு வந்ததோ அவருடைய பெயர் நிற்கிறது. அப்பாட்டி காணொளியிலும் தோன்றுகிறார். பெயரற்றோரின் மரபுக்குப் பாடலுக்குள்ளேயே பெயர் சூட்டும் செயல் இது.

பெயர் நீங்கிய இடங்கள்

பாடலுக்கு வெளியே நிகழ்ந்தது வேறு. யூடியூபில் பாடலின் தலைப்பு தீயின் பெயரை முதலிலும் ‘ஃபீட்டரிங்’ என்னும் சுருக்கக் குறியுடன் அறிவின் பெயரை அடுத்தும், தயாரிப்பாளராகச் சந்தோஷ் நாராயணனின் பெயரை அடைப்புக்குறிக்குள்ளும் தந்தது. இசைச்சந்தையில் இயல்பான அச்சுருக்கக் குறி, சொல்லின் உரிமையாளரை விருந்தினராக்கிற்று. 2021 ஆகஸ்டில் ரோலிங் ஸ்டோன் இந்தியா இதழின் அட்டையில் தீயும் ஷான் வின்சென்ட் டி பாலும் இடம்பெற்றனர், அறிவு இடம்பெறவில்லை. இயக்குநர் பா. இரஞ்சித் உள்ளிட்டோர் இதனைக் கண்டித்த பின்னர் அவ்விதழ் அறிவைக் கொண்ட மின்னட்டையை வெளியிட்டது. 2022 ஜூலை 28 அன்று சென்னையில் நடைபெற்ற சதுரங்க ஒலிம்பியாட் தொடக்கவிழாவில் தீயும் கிடாக்குழி மாரியம்மாளும் மேடையேறினர். அறிவு அங்கு இல்லை.

அதனைத் தொடர்ந்து வெளியிட்ட அறிக்கையில், பாடலை இயற்றியதும் எழுதியதும் பாடியதும் தாமே என்றும், தமக்கு எவரும் மெட்டோ சொல்லோ தரவில்லை என்றும் அறிவு கூறினார். இசையமைப்பு, ஒலிக்கோப்பு, பதிவு ஆகியவற்றைத் தாம் செய்ததாகவும், உலகளாவிய தனியிசைத் துறையில் இப்பணியே ‘தயாரிப்பாளர்’ எனப்படுவதாகவும், வருவாய் மூவருக்கும் சமமாகப் பகிரப்படுவதாகவும் சந்தோஷ் நாராயணன் விளக்கினார்.

இவ்விரு கூற்றுகளுள் ஒன்று பொய்யாகத்தான் இருக்க வேண்டும் என்று பலரும் கருதினர். அவ்வாறு கருதுவது திரையிசைப் பாகுபாட்டை ஏற்றுக்கொண்டு பேசுவதாகும். ஒப்பாரி மரபில் நின்று நோக்கின், சொல்லைக் கட்டியவர் ஓசையையும் கட்டியவரே. ஆகவே அறிவு ‘இயற்றினேன்’ எனக் கூறுவது மிகையன்று. தாளக்கட்டும் கருவியிசையும் குரல்களின் அடுக்கும் இன்றி இன்று நாம் கேட்கும் பதிவு உருவாகியிராது. ஆகவே சந்தோஷ் நாராயணனின் கூற்றும் புறக்கணிக்கத்தக்கதன்று. தீயின் குரலின்றிப் பல்லவி இத்தனை நாவுகளில் ஒட்டியிராது. எனினும் ‘இசையமைப்பு’ என்னும் ஒரே சொல் இருவேறு செயல்களைக் குறிக்குமிடத்து, கருவிக்கூடத்தில் நிகழும் செயலே இசையமைப்பாக எண்ணப்படுகிறது. வாயில் நிகழும் செயல் வெறும் ‘வரிகள்’ ஆகிவிடுகிறது.

சட்டமும் இப்பிரிவினையை வலுப்படுத்துகிறது. 1957ஆம் ஆண்டு இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், 1994ஆம் ஆண்டுத் திருத்தத்திற்குப் பின், இசைக்குறிப்பாக எழுதப்படாவிடினும் இசையை ஆக்கியவரை இசையாக்குநராக ஏற்கிறது. வாய்மொழிக் கலைஞருக்கு இது நற்செய்தியே. ஆனால் இசைப்படைப்பு என்பது பாடப்படும் சொற்களை உள்ளடக்காது எனவும் அதே சட்டம் வரையறுக்கிறது. சொல்லும் ஓசையும் ஒன்றாகப் பிறந்த ஒப்பாரியை இரு கூறுகளாகப் பிளந்த பின்னரே சட்டம் அதனைக் காண்கிறது.

பெயருரிமை தீர்ந்தால் பொருளுரிமையும் தீரும் என்றும் கூறவியலாது. இப்பாடலிலிருந்து கலைஞர்கள் எவருக்கும் வருவாய் கிட்டவில்லை என 2024 மார்ச்சில் சந்தோஷ் நாராயணன் பொதுவெளியில் அறிவித்தார். முன்பு எதிரெதிரே நின்றவர்கள் அவர் கூற்றின்படி ஒரே நிலையில் நின்றனர்.

முடிவுரை

உழைத்தவருக்கு விளைச்சல் கிட்டாமையைப் பாடிய பாட்டுக்கும் அதே கதி நேர்ந்தது என்று கூறி அமைவது எளிது. ஆனால் நில இழப்பையும் பெயரிழப்பையும் சமப்படுத்தினால் தோட்டத் தொழிலாளரின் வரலாறு உவமையாகச் சுருங்கிவிடும். இக்கட்டுரை வலியுறுத்துவது அதனினும் வரம்புடைய ஒன்று: வாய்மொழி மரபிலிருந்து எடுக்கப்படும் பாடலில் சொல்லுக்கும் மெட்டுக்கும் உரியவர் யார் என்பதைப் பதிவுக்கு முன்பே கேட்டு எழுத வேண்டும், திறனாய்வும் ‘வரிகள்’ என்னும் சொல்லுக்குள் மறையும் இசையாக்கத்தை இனங்காண வேண்டும். ஒப்பாரியை ‘நாட்டுப்புற மெட்டு’ எனப் பெயரின்றிக் குறித்துவிட்டுக் கடந்துசெல்லும் வழக்கத்தைத் தமிழ் ஆய்வுலகமும் பகிர்ந்துகொண்டுள்ளது. பாட்டியின் பெயரைத் தன்னுள் பொறித்துக்கொண்ட இப்பாடல் அவ்வழக்கத்திற்கு ஒரு மறுப்பு. அம்மறுப்பு ஆடல் ஓசைக்கு இடையில் கேட்கப்படுமாயின், இப்பாடலின் வெற்றி பார்வை எண்ணிக்கையைக் கடந்ததாகும்.