தூண்டில் இல்லாமல் மஹ்சீர்

பெங்களூரிலிருந்து கனகபுரா வழியாகக் காவிரிக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் மேகதாதுவில் ஒரு படம், சங்கமத்தில் ஒரு குளியல் என்று முடித்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். தண்ணீரைப் படிக்கத் தெரிந்தவருக்கு அந்த ஆற்றில் ஒரு நாள் போதாது. தூண்டில்காரர்களிடமிருந்து நாம் கற்க வேண்டியது அந்தப் படிப்பைத்தான். மீனைப் பிடிப்பது அதற்குப் பிறகு வரும் சில நிமிடச் சமாச்சாரம். அந்தச் சில நிமிடம் இல்லாமலும் ரசிக்க முடியும் என்பது என் கட்சி.

மலையாறு, தூண்டில் என்றதும் வெள்ளைக்காரர்களுக்கு நினைவுக்கு வருவது டிரௌட். இறகும் நூலும் சுற்றிய கொக்கியைப் பூச்சிபோலத் தண்ணீரில் இறக்கிப் பிடிக்கும் மீன் அது. அந்த மோகத்தில்தான் எச்.சி. வில்சன் என்பவர் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவலாஞ்சியில் பொரிப்பகம் அமைத்து, வானவில் டிரௌட்டை நீலகிரி ஓடைகளில் விட்டார். அது குளிர்ந்த நீரில் மட்டுமே பிழைக்கும். பெங்களூரைச் சுற்றி அதற்கு இடமில்லை. நமக்கு வாய்த்திருப்பது மஹ்சீர். கெண்டைக் குடும்பம்தான், ஆனால் அளவு வேறு. 1946-இல் கபினியில் டி வெட் வான் இங்கன் பிடித்த மீன் 120 பவுண்டு, ஏறக்குறைய 54 கிலோ. மைசூரில் வேட்டை விலங்குகளைப் பாடம் செய்து பேர்வாங்கிய குடும்பத்தைச் சேர்ந்தவர் அவர்.

பருவம் முக்கியம். கிருஷ்ணராஜசாகரும் கபினியும் அனுப்பும் வெள்ளம் வடிந்து தண்ணீர் தெளிவது தை, மாசியில். மழைக்காலத்தில் ஆறு கலங்கி ஓடும். மீன் அப்போது முட்டையிட மேல்நோக்கிப் போகும். கண்ணுக்கும் வேலை இல்லை, மீனையும் தொந்தரவு செய்யக்கூடாது.

முத்தத்திக்கோ பீமேஸ்வரிக்கோ போய்க் கரையில் உயரமான பாறையாகப் பார்த்து உட்காருங்கள். வெயில் முதுகுப்பக்கம் இருக்கட்டும். போலராய்டு கண்ணாடி ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். தண்ணீரின் பளபளப்பை அது கழித்துவிடும், உள்ளே பாறை தெரியும். இதைவிடப் பெரிய கருவி எதுவும் தேவையில்லை.

முதலில் மீனைத் தேடாதீர்கள், நுரையைத் தேடுங்கள். பாறையில் மோதித் திரும்பும் வேகமான ஓட்டத்துக்கும் அதன் நிழலில் சோம்பிக் கிடக்கும் தண்ணீருக்கும் நடுவே ஒரு கோடு ஓடும். வெள்ளை நுரை, சருகு, செத்த பூச்சி எல்லாம் அந்தக் கோட்டிலேயே மிதந்து போகும். மஹ்சீர் அந்தக் கோட்டுக்குப் பக்கத்தில், மந்தமான தண்ணீரில், தலையை ஓட்டத்துக்கு எதிராக வைத்து நிற்கும். எதிர்நீச்சல் செலவு மிச்சம், சாப்பாடு வாசலுக்கு வந்துவிடும். ஒரு கோட்டைக் கண்டுபிடித்துவிட்டால் ஆறு முழுக்கக் கோடுகளாகத் தெரிய ஆரம்பிக்கும். வேகத்தண்ணீர் ஆழமான மடுவுக்குள் இறங்கும் வாய், மடு முடிந்து மறுபடி ஆழம் குறையும் வால், நீர்மருது கிளை கவிந்திருக்கும் கரை என்று ஒவ்வொன்றும் ஒரு முகவரி. அத்தியும் நாவலும் தண்ணீரில் விழும் இடத்தை விட்டுவிடாதீர்கள். மஹ்சீர் பழமும் தின்னும், நண்டும் தின்னும். தாடையில் பல் கிடையாது. தொண்டைக்குள் இருக்கும் பற்களால்தான் நண்டு ஓட்டை நொறுக்குகிறது.

இந்த ஆற்றில் பழைய தூண்டில்காரர்கள் இறகுக் கொக்கியை அதிகம் நம்பவில்லை. கேழ்வரகு மாவைக் கிண்டி உருட்டிக் கொக்கியில் செருகினார்கள். கேழ்வரகுக் களி உருண்டையான முத்தே தின்னும் ஊரில் மீனுக்கும் முத்தே! பரிசலில் அவர்களை ஏற்றிப்போய் மடுவைக் காட்டியவர்கள் உள்ளூர்க்காரர்கள். அவர்களில் சிலர் முன்பு திருட்டுத்தனமாக மீன் பிடித்தவர்கள்தான். வெடி வைத்து மீன் பிடிப்பதைத் தடுக்க அவர்களே காவலுக்கு நின்றார்கள். பெங்களூரில் 1972-இல் தொடங்கிய வைல்ட்லைஃப் அசோசியேஷன் ஆஃப் சவுத் இந்தியா ஆற்றின் ஒரு பகுதியைப் பொறுப்பில் எடுத்து, பிடித்த மீனைத் திரும்ப விடும் வழக்கத்தை வளர்த்தது.

மீனை முகத்துக்கு நேரே பார்க்க வேண்டும் என்றால் ஹாசன் மாவட்டம் ராமநாதபுரா போங்கள். காவிரிக் கரைக் கோவில் படித்துறை, பிடிக்கத் தடை உள்ள இடம். பொரி போட்டால் மீன் திரண்டு வரும். செதிலைப் பாருங்கள், அத்தனை பெரிது. துடுப்பைப் பாருங்கள். காவிரிக்கே உரிய திமில் மஹ்சீருக்குத் துடுப்பு ஆரஞ்சு. லோனாவாலாவில் டாடா பவர் வளர்த்துப் பல ஆறுகளுக்கும் அனுப்பிய இனத்துக்கு நீலம். இந்த வேறுபாடு தெரியாமல் மஹ்சீரை ரசித்தேன் என்று சொல்வது ராகம் தெரியாமல் கச்சேரிக்குத் தலையாட்டுவது.

இப்படிச் சொல்லக் காரணம் இருக்கிறது. காவிரி வனவிலங்குச் சரணாலயத்தில் தடை வந்து தூண்டில் நின்ற பிறகு, காலிபோரே தூண்டில் முகாமில் 1998 முதல் 2012 வரை எழுதிவந்த மீன்பிடிக் குறிப்பேட்டை ஆய்வாளர்கள் எடுத்துப் புரட்டினார்கள். நீலத்துடுப்பு பெருகியதும் திமில் மஹ்சீர் அருகியதும் அதில் தெரிந்தன. அந்தத் திமில் மீனுக்கு அறிவியல் பெயரே 2018-இல்தான் உறுதியானது: டோர் ரெமாதேவி. பெயர் உறுதியான ஆண்டிலேயே அழிவின் விளிம்பில் உள்ள இனம் என்ற பட்டியலிலும் ஏறிவிட்டது. பொழுதுபோக்குக்காகத் தூண்டில் போட்டவர்களின் கையெழுத்து இல்லாவிட்டால் இந்தச் சரிவுக்குக் கணக்கே இருந்திருக்காது. தடை சரியா தவறா என்ற சண்டையில் இரண்டு பக்கத்திலும் நியாயம் உண்டு. எனக்கு உறுத்துவது, தூண்டிலோடு சேர்ந்து அந்தக் குறிப்பேடும் நின்றுபோனதுதான்.

போகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. முத்தத்தி, பீமேஸ்வரிப் பகுதியில் முதலை உண்டு, சுழி உண்டு. மேலே அணைகளும் மின்நிலையமும் இருப்பதால் தண்ணீர் சொல்லாமல் ஏறும். பாறையில் இருந்தபடியே பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை முத்தத்தி வேண்டவே வேண்டாம். அன்றைக்கு நுரைக்கோட்டில் மிதந்து வருவது ஷாம்பு பாக்கெட்தான்.