வலையும் சந்தையும்: ஒரு பாடநூலின் நிறையும் குறையும்

அமெரிக்க நாட்டுக் கார்னெல் பல்கலைக்கழகப் பேராசிரியர்களாகிய டேவிட் ஈஸ்லி, ஜான் கிளைன்பர்க் ஆகிய இருவரும் இயற்றி, 2010ஆம் ஆண்டில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக அச்சகம் வெளியிட்ட ‘நெட்வொர்க்ஸ், கிரவுட்ஸ், அண்ட் மார்க்கெட்ஸ்’ என்னும் நூல், சமூக வலைப்பின்னலையும் இணைய விளம்பரச் சந்தையையும் ஒரே பாடமாக இணைத்துக் கற்பிக்க எழுந்ததாகும். முன்னவர் பொருளியல் வல்லார். பின்னவர் கணினியியல் வல்லார். 1929இல் சிதம்பரத்தில் தோன்றிய அண்ணாமலைப் பல்கலைக்கழகம் போன்றதோர் இடத்தில், இந்நூலைக் கையில் கொண்டு கருத்தரங்கம் நடத்தப் புகும் ஆசிரியர், அது எதைத் தருகிறது, எதைத் தராது விடுகிறது என்பதை முன்னரே எடைபோட்டுக் கொள்ளுதல் நலம்.

முதலில் நிறையைச் சொல்வோம். நெருங்கிய உறவினும் மெல்லிய அறிமுகமே புதிய செய்தியைக் கொணரும் என்று 1973இல் மார்க் கிரானவெட்டர் நிறுவிய கருத்தை நூல் தெளிவுற விளக்குகிறது. நெருங்கியோர் அறிந்திருப்பது பெரும்பாலும் நாமும் அறிந்ததே. அயல்வட்டத்தார் அறிந்திருப்பதோ நமக்குப் புதிது. கடல் கடந்து பிழைக்கச் செல்லும் வழக்கமுடைய பரங்கிப்பேட்டை மாணவனுக்கு இதனை விளக்க வேறு சான்று வேண்டுவதில்லை.

அடுத்தது ஏலம். கடலூர் முதுநகர்த் துறைமுகத்தில் மீன் ஏலம் கேட்போரை எண்ணுக. ஒரு கூடையை ஒருவர் 1,000 ரூபாய்க்கும், அவருக்கு அடுத்தவர் 900 ரூபாய்க்கும் மதித்தால், கேள்வி 900ஐ ஒட்டியே நின்றுவிடும். வென்றவர் தம் மதிப்பை அன்று, தோற்றவரின் மதிப்பையே விலையாகத் தருகிறார். இத்தகைய ஏலத்தில் உள்ளதை உள்ளபடி கேட்பதே இலாபம் என்பதை 1961இல் வில்லியம் விக்ரி மெய்ப்பித்தார்.

கூகுள் நிறுவனம் 2002இல் விளம்பர இடங்களை விற்க மேற்கொண்ட முறை தோற்றத்தில் இதனை ஒத்தது, பயனில் வேறுபட்டது. மேலிடம் மணிக்கு 100 சொடுக்குகளையும், கீழிடம் 80 சொடுக்குகளையும் தருவதாகக் கொள்வோம். மூன்று வணிகர் ஒரு சொடுக்கை முறையே 10, 8, 4 ரூபாயாக மதிக்கின்றனர். முதல்வர் உண்மையே கேட்டால் மேலிடம் பெற்று, 8 ரூபாய் வீதம் செலுத்தி, 200 ரூபாய் மிச்சம் காண்பார். 7 எனக் குறைத்துக் கேட்டாலோ கீழிடம் பெற்று, 4 ரூபாய் வீதம் செலுத்தி, 480 ரூபாய் மிச்சம் காண்பார். ஆக, இம்முறையில் மெய் எப்போதும் ஆதாயமாவதில்லை. இந்நுட்பத்தைப் பதினைந்தாம் இயல் ஐயந்திரிபற எடுத்துரைக்கிறது.

இனிக் குறை. அவ்வியலில் விற்போன் உளன், வாங்குவோரும் உளர். விளம்பரத்தைப் பார்க்கும் மனிதனோ சொடுக்கு எண்ணிக்கையாக மட்டுமே வருகிறான். விளம்பரத்தின் தரம் பேசப்படுவது உண்மையே. ஆயின் அதுவும் எத்துணைச் சொடுக்கு விழும் என்னும் அளவையாகவே பேசப்படுகிறது.

விற்கப்படும் பொருள் விற்போனின் உடைமையாயிருத்தல் வேண்டும் என்பது, ஃபிக்ஹு நூல்களின் வணிகப் பாடத்தில் தொடக்கநிலை மாணவனும் கற்கும் நிபந்தனை. வாங்கும் எண்ணமின்றி விலையேற்றி மயக்கும் ‘நஜ்ஷ்’ விலக்கப்பட்டதும் அப்பாடத்திலேயே வரும். ஏலத்தை ஏற்ற சட்ட அறிஞர்கள், விலை எவ்வளவு என்பதோடு நில்லாது, எவர் பொருள், எவர் ஏமாற்றப்பட்டார் என்றும் வினவினர். அவ்வினாவை இங்கே எழுப்பினால், மனிதனின் கவனம் யாருடைய உடைமை?

நாளிதழும் விளம்பர இடத்தை விற்கிறதன்றோ எனச் சிலர் கேட்கலாம். நாளிதழ் விற்பது தாளின் இடத்தை. படிப்பவன் யார் என்பதை அத்தாள் அறியாது. இணையச் சந்தையிலோ, பார்ப்பவன் இன்னான், இன்னது தேடினான் என்னும் அறிவே விலையை உயர்த்துகிறது. அவ்வறிவு அவனிடமிருந்து எடுக்கப்பட்டது. 2014இல் ஃபேஸ்புக் நிறுவனம் வாட்ஸப்பை வாங்கியதும், 2021ஆம் ஆண்டின் வாட்ஸப் தனியுரிமைக் கொள்கையை முன்னிட்டு 2024 நவம்பரில் இந்தியப் போட்டி ஆணையம் மெட்டா நிறுவனத்துக்கு 213.14 கோடி ரூபாய் தண்டம் விதித்ததும் இவ்வழக்கின் பகுதிகளே. நூல் வெளிவந்த பின் நிகழ்ந்தவற்றுக்கு ஆசிரியர்களைக் குறைகூறல் முறையன்று. அவற்றைச் சேர்த்துக் கற்பியாத கருத்தரங்கத்தைக் குறைகூறலாம்.

ஆகவே இந்நூலைக் கற்பிப்போர், ஏலத்தை வகுப்பில் நடத்திக் காட்டும்போது, விற்போனுக்கும் வணிகர்க்கும் மட்டுமன்றிப் பார்ப்போனுக்கும் ஓர் இருக்கை இடுவாராக. ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் அம்மாணவன் தான் எதைக் கொடுத்தான், எதைப் பெற்றான், அதற்கு இசைந்தானா எனக் கூறட்டும். கணக்கு இந்நூலில் செம்மையாக உளது. அக்கணக்கில் பேர் எழுதப்படாத மூன்றாமவன், பெரும்பாலும் அவ்வகுப்பில் அமர்ந்திருக்கும் மாணவனே.