முத்துலட்சுமி ரெட்டி திட்டத்தில் பல் எங்கே?

தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு பெண் உண்டாகியிருக்கிறாள் என்றதும் சொந்தக்காரர்கள் கேட்பது, "நர்ஸம்மாகிட்ட பதிஞ்சாச்சா?" டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டம் அந்தளவுக்கு ஊறிப்போன ஒன்று. மொத்தம் 18,000 ரூபாய். அதில் 4,000 ரூபாய்க்கு இரண்டு ஊட்டச்சத்துப் பெட்டகம். 12 வாரத்துக்குள் பதிவு, அரசு மருத்துவமனையில் பிரசவம், குழந்தைக்குத் தடுப்பூசி என ஒவ்வொரு படிக்கும் பணம் வரும். நல்ல வடிவமைப்பு. ஆனால் எந்தப் படியிலும் பல் இல்லை.

பல்லுக்கு அவ்வளவு முக்கியத்துவமா? ஈறு நோயால் குறைப்பிரசவம் வரும் என்று பயமுறுத்தும் வாதத்தை நான் எடுக்கவில்லை. 2006-இல் வெளியான, 823 கர்ப்பிணிகளிடம் நடந்த அமெரிக்க ஆய்வில், ஈறுக்குச் சிகிச்சை தந்தும் குறைப்பிரசவம் சொல்லும்படி குறையவில்லை. ஆனால் ஈறு தேறியது, சிகிச்சையால் கெடுதலும் இல்லை. "மாசமா இருக்கும்போது பல்லுல கை வைக்காதே" என்ற பேச்சும் அதோடு அடிபட்டுப் போகிறது.

என் கவலை ஞானப்பல். பெரும்பாலும் 17 முதல் 25 வயதுக்குள் முளைக்கும். கல்யாணமும் முதல் குழந்தையும் வருவது அதை ஒட்டித்தான். பாதி முளைத்த பல்லை மூடிய ஈறுக்குள் சோறு சிக்கி வீங்கினால் வாயே திறக்க முடியாது. கர்ப்பத்தில் ஈறு இன்னும் சுலபமாக வீங்கும். மருந்தும் யோசித்துத்தான் தரணும். டெட்ராசைக்ளின் குழந்தையின் பல்லில் கறை படுத்தும். ஐபுப்ரோஃபென் வகை மாத்திரைகளை 20 வாரத்துக்குப் பிறகு தவிர்க்கச் சொல்லி 2020-இல் அமெரிக்க எஃப்.டி.ஏ. எச்சரித்தது.

அதுக்காக எல்லா ஞானப்பல்லையும் பிடுங்க வேண்டாம். தொந்தரவில்லாத பல்லை விட்டுவிடச் சொல்கிறது பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2000-இல் தந்த வழிகாட்டல். ஏற்கனவே வீங்கிய பல்லைத்தான் கர்ப்பத்துக்கு முன்பே பார்க்கணும்.

சரி, திட்டத்தில் இன்னொரு படி சேர்த்தால் போதுமா? போதாது. அது தொடங்குவதே கர்ப்பத்துக்குப் பிறகு. ஆனால் கிராம சுகாதாரச் செவிலியரிடம் தகுதியுள்ள தம்பதியர் பதிவேடு இருக்கிறது. புதுமணப் பெண்ணின் பெயர் அதில்தான் முதலில் ஏறும். அங்கே ஒரு கேள்வி கேட்கலாம்: "கடைவாய் ஈறு எப்பவாவது வீங்கிச்சாம்மா?" ஆமாம் என்றால் பல் டாக்டருக்கு ஒரு சீட்டு.

அனுப்ப இடமும் இருக்கிறது. முத்துலட்சுமி ரெட்டி பிறந்த புதுக்கோட்டையில், தஞ்சையிலிருந்து சுமார் 60 கி.மீ. தூரத்தில், 2023-இல் அரசு பல் மருத்துவக் கல்லூரியே வந்துவிட்டது. இல்லாதது அந்த ஒரு கேள்விதான்.