புகைபோக்கிச் சிறுவனும் நமது ஞாயிறு பள்ளியும்

சிறுவர்க்கென எழுதப்பட்ட சமூக நீதிக் கவிதைகளை மதிப்பிட முற்படுகையில் நாம் முதலாவது கேட்கவேண்டிய வினா ஒன்று உண்டு. ஏழைச் சிறுவன் அக்கவிதையில் பேசுகிறானா, அல்லது பிறர் பார்வைக்குரிய பொருளாக நிற்கிறானா? ஐசக் வாட்ஸ் 1715இல் வெளியிட்ட சிறுவர் பாடல் நூலையும், வில்லியம் பிளேக் 1789இலும் 1794இலும் தாமே செதுக்கி அச்சிட்ட பாடல்களையும் அருகருகே வைத்து வாசிப்போர்க்கு இவ்வினாவின் வலிமை விளங்கும்.

வாட்ஸை நாம் எளிதில் தள்ளிவிட இயலாது. சிலுவையைக் குறித்த அவருடைய பாடலின்றிப் பெரிய வெள்ளியை எண்ணிப்பார்க்க இயலாதவர் நம்மில் பலர். அவருடைய சிறுவர் நூலில், வெளியே செல்லும் பிள்ளையொன்று அரைகுறை ஆடையோடு திரியும் பிள்ளைகளைக் கண்டு, தனக்கு வீடும் உணவும் உடையும் அருளிய தேவனைத் துதிக்கிறது. தன் தகுதியால் இவை கிடைக்கவில்லை என்று அது ஒப்புக்கொள்வதில் நல்ல இறையியல் உண்டு. ஆயினும், மற்றப் பிள்ளைக்கு ஏன் கிடைக்கவில்லை என்று அது வினவுவதில்லை. கிருபை இங்கே ஏற்றத்தாழ்வுக்கு விளக்கமாகிவிடுகிறது. தெருவில் நின்ற பிள்ளை இப்பாட்டை எவ்வாறு பாடும்?

நாமும் இதையே கற்பித்தோம் என்பதை மறைப்பதற்கில்லை. ஊழியத்தின் தொடக்க ஆண்டுகளில் சேகரத்துப் பிள்ளைகளுக்கு நன்றியுணர்வைப் புகட்ட நாம் எடுத்துக்காட்டியது ஏழைகளின் குறைவையே. அவ்வகுப்பின் பின்வரிசையில் செருப்பில்லாப் பிள்ளைகளும் அமர்ந்திருந்தனர். அவர்களும் கூடவே பாடினர்.

பிளேக் பேச்சுரிமையை அந்தப் பின்வரிசைக்குக் கொடுத்துவிடுகிறார். அக்காலத்தில் லண்டன் நகரத்துக் குறுகிய புகைபோக்கிகளுள் ஏறிக் கரி அகற்றச் சிறுவர்கள் விற்கப்பட்டனர். எட்டு வயதுக்குக் குறைந்தோரை இதில் சேர்க்கலாகாதென 1788இல் சட்டம் பிறந்தும் அது ஏட்டளவிலேயே நின்றது. மறு ஆண்டு வெளிவந்த 'மாசின்மைப் பாடல்க'ளில், தாயை இழந்து தகப்பனால் விற்கப்பட்ட சிறுவனே தன் கதையைச் சொல்லுகிறான். அவனுடைய தோழன் ஒருவன் கனவு காண்கிறான்; கரிய சவப்பெட்டிகளில் பூட்டப்பட்டிருந்த ஆயிரக்கணக்கான சிறுவரைத் தேவதூதன் ஒருவன் திறவுகோலால் விடுவிக்கிறான். விழித்ததும் இருளில் எழுந்து, பையும் தூரிகையுமாக வேலைக்குச் செல்கின்றனர். கடமை தவறாதோர்க்குத் தீங்கில்லை என்னும் போதனையோடு பாட்டு முடிகிறது.

இக்கனவை வெறும் மயக்கமருந்து என்று கருதுவோர் உளர். நாம் அவ்வாறு கருதவில்லை. கல்லறைகள் திறக்கப்படும் எசேக்கியேல் 37ஆம் அதிகாரமும், திறவுகோலை உடையவரைக் காட்டும் வெளிப்படுத்தல் முதலாம் அதிகாரமும் அறிந்தோர்க்கு அந்நம்பிக்கை அச்சிறுவனுக்கே உரிய சுதந்தரம் என்பது தெரியும். அந்நியமாக ஒலிப்பது இறுதிப் போதனையே. அது அவனை வேலை வாங்குவோரின் குரல். அவன் வாயில் வைக்கப்பட்ட குரல். கனவுக்கும் போதனைக்கும் நடுவே அந்தக் குளிர்ந்த விடியற்காலையைக் கவிஞர் வைத்திருப்பது தற்செயலன்று.

1794இல் 'அனுபவப் பாடல்கள்' சேர்ந்தபோது, பனியில் நிற்கும் மற்றொரு சிறுவன் பன்னிரண்டே அடிகளில் ஆலயத்தையே குற்றஞ்சாட்டுகிறான். அவனுடைய பெற்றோர் துதிக்கச் சென்றிருக்கின்றனர். அவன் ஆடிப் பாடுவதால், தீங்கொன்றும் இழைக்கவில்லை என்று எண்ணிக்கொள்கின்றனர். உண்மை சொல்வதாயின், கவிதை என்ற அளவில் முந்தியதே நமக்கு உயர்ந்ததாகத் தோன்றுகிறது. பிந்தியதில் சிறுவனைக்காட்டிலும் வழக்கறிஞர் அதிகம் பேசுகிறார். ஆனால் போதகராகிய நம்மை இரவில் விழித்திருக்கச் செய்வது பிந்தியதே. ஆகவே, ஞாயிறு பள்ளிக்குப் பாடல் தெரிந்தெடுக்கும் மாணவர்களிடம் இரண்டையும் ஒரே நாளில் வாசிக்கும்படி கூறிவருகிறோம்.

1824இல் ஞானப்பாடலாசிரியர் ஜேம்ஸ் மான்ட்கோமரி இச்சிறுவர்களின் விடுதலைக்கென ஒரு நூலைத் தொகுத்தபோது, அதற்குச் சார்லஸ் லாம் அனுப்பிவைத்தது 'மாசின்மை'ப் பாட்டையே. அவ்வழக்கம் ஒழிய 1875ஆம் ஆண்டுச் சட்டம் வரை காத்திருக்கவேண்டியதாயிற்று. பாட்டு வெளிவந்து அதற்குள் 86 ஆண்டுகள் சென்றிருந்தன.