ராஜாவுக்கு வேண்டிய வியர்வை

சுலபா தேஷ்பாண்டே என்றால் நம் ஆட்களுக்குச் சட்டென்று தெரியாது. 'இங்கிலீஷ் விங்கிலீஷ்' (2012) படத்தில் ஸ்ரீதேவிக்கு மாமியாராக வந்தவர் என்றால், "அட, அந்தம்மாவா!" என்பார்கள். சினிமா அவருக்குக் கொடுத்த இடம் அம்மா, மாமியார். 'பூமிகா' (1977) படத்திலும் கதாநாயகிக்குத் தாய்தான். 1937இல் பிறந்து 2016இல் மறைந்த அவருடைய அசல் வேலை வேறு இடத்தில் நடந்தது. அதை நம் பக்கத்திலிருந்து கணக்குப் பார்க்க வேண்டும்.

பம்பாய் தாதரில் சபில்தாஸ் பள்ளியில் அவர் டீச்சர். பிள்ளைகள் நடிக்க நாடகம் வேண்டுமென்று விஜய் டெண்டுல்கரிடம் எழுதி வாங்கியவர். 1967இல் டெண்டுல்கரின் 'சாந்ததா! கோர்ட் சாலூ ஆஹே' மேடையேறியபோது லீலா பேணாரேயாக நடித்தார். கணவர் அரவிந்த் தேஷ்பாண்டே இயக்கினார். 1971இல் சத்யதேவ் துபே அதைப் படமாக்கியபோதும் அவரே பேணாரே. பேணாரேயும் ஒரு டீச்சர்தான். கல்யாணமாகாமல் வயிற்றில் பிள்ளை. பொழுதுபோக்குக்கு நடத்துகிற பொய்க் கோர்ட்டில் கூட நடிக்கிறவர்களே அவளைக் கூண்டில் ஏற்றுகிறார்கள். பிள்ளைக்குக் காரணமான புரொபசர் அந்தப் பக்கமே வருவதில்லை. அவர் நாற்காலி காலி.

இந்தக் கோர்ட் நமக்குப் புதிதா? ஊர்ப் பஞ்சாயத்தில் நம் பெண்களை நிறுத்திக் கேட்ட கேள்விகள்தானே! ஒரு வித்தியாசம் உண்டு. பேணாரேக்குக் கடைசியில் நீளமாகப் பேச மேடை கிடைத்தது. நம் பெண்ணுக்கு அதுவும் கிடையாது.

இதே டெண்டுல்கர்தான் 1983இல் 'கன்யாதான்' எழுதினார். மேல்சாதிப் பெண்ணைக் கட்டி அடித்து உதைக்கிறவனாக ஒரு தலித் கவிஞன். தலித்துகள் கொதித்தார்கள். பெண்ணுக்காகக் கோர்ட்டைத் தோலுரித்த பேனா, தலித் இளைஞனைத் தானே கூண்டில் ஏற்றியது. சுலபாவை வளர்த்த பரிசோதனை நாடகத்தின் எல்லை எங்கே என்பதை இது காட்டுகிறது. அது பெரும்பாலும் மேல்சாதி நடுத்தர வர்க்கத்தின் மேடை. அம்பேத்கரிய ஜல்சாக்காரர்கள் தம் மேடையைத் தாமே தெருவில் போட்டுக்கொண்டார்கள்.

அதற்காகச் சுலபாவைத் தள்ளிவிட முடியாது. 1971இல் அரவிந்த், அருண் காகடேயோடு சேர்ந்து 'ஆவிஷ்கார்' தொடங்கினார். 1974 முதல் சபில்தாஸ் பள்ளி மண்டபமே அரங்கம். குழந்தைகளுக்கென்று 'சந்திரசாலா'. 1987இல் அரவிந்த் இறந்த பின்னும் அவர் ஓய்ந்துவிடவில்லை. படத்தில் வந்த பெயரை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுத்தார்.

அவர் குழந்தைகளுக்காக 1978இல் இயக்கிய படம், ராஜா ராணிக்கு வியர்வை வேண்டும் என்பது. டெண்டுல்கரின் சிறுவர் நாடகம்தான் மூலம். தலைப்பே நம்மைப் பிடித்து இழுக்கிறது. ராஜா ராணிக்கு வியர்வை இல்லையென்றால் நாட்டில் வியர்வை யாரிடம் இருந்தது? நிலக்கோட்டைப் பூ மார்க்கெட்டுக்கு மல்லிகை போய்ச் சேர, விடியுமுன் நெற்றியில் டார்ச் கட்டிக்கொண்டு பறிக்கிற பொம்பளைகளைக் கேட்டால் சொல்வார்கள். பறித்துவிட்டு ஓட்டமாய்ப் பள்ளிக்கூடம் போன பிள்ளைகளும் சொல்வார்கள். அந்த நாடகத்தை நடிக்க வேண்டியது இந்தப் பிள்ளைகள்தான்.

இங்கே நடிகைகள் இல்லாமலா போய்விட்டார்கள்? மதுரை, திண்டுக்கல், புதுக்கோட்டை வட்டாரத்து ஸ்பெஷல் நாடகப் பெண்கள் ஒத்திகைகூட இல்லாமல் மேடையேறி விடிய விடிய நடிக்கிறவர்கள். சம்பளம் கொடுத்துக் கூப்பிட்டுக்கொண்டே ஏசுகிறது ஊர். அவர்களை வாத்தியாராக உட்காரவைத்துப் பிள்ளைகளை அனுப்பியிருக்கிறோமா? நம் கலைவிழாக்களிலும் பறையடிக்கப் பெண்பிள்ளையைக் கூப்பிடுகிறோம், போட்டோ எடுக்கிறோம். 'நீ இயக்கு' என்று சொல்லத் தயங்குகிறோம்.

நிலக்கோட்டை தனித்தொகுதி. சட்டமன்றத்துக்கு நம் ஆள் போக இடமிருக்கிறது. நம் பெண்பிள்ளை நடிக்க, நாடகம் போட, மற்றவர்களுக்குச் சொல்லித்தர ஒரு கூடம் இல்லை. சுலபாவுக்குக் கிடைத்தது ஒரு பள்ளிக்கூடத்து மண்டபம், அவ்வளவுதான். சேரிப் பள்ளிக்கூடமும் சாயங்காலம் பூட்டித்தானே கிடக்கிறது. சாவியைக் கேட்போம்.