சந்துச் சுவரும் இசைவும்: சான் பிரான்சிஸ்கோ மிஷன் பகுதிச் சமூகச் சுவரோவியங்களை முன்வைத்து

சான் பிரான்சிஸ்கோ நகரின் மிஷன் பகுதியில், 24ஆம் தெருவுக்கும் 25ஆம் தெருவுக்கும் இடையே பால்மி சந்து என்னும் ஒரு குறுகிய வழி உள்ளது. அதன் நீளம் இரு தெருக்களுக்கு இடைப்பட்ட தொலைவு மட்டுமே. அதன் இருபுறத்து வேலிகளிலும் கார்க் கொட்டகைக் கதவுகளிலும் பின்சுவர்களிலும் 1972 முதல் ஓவியங்கள் எழுதப்பட்டும் அழிந்தும் மீண்டும் எழுதப்பட்டும் வருகின்றன. கலை வரலாற்று நூல்கள் இவற்றைச் 'சமூகச் சுவரோவியங்கள்' என்று வகைப்படுத்துகின்றன. இத்தொடரில் 'சுவர்', 'ஓவியம்' என்னும் இரு சொற்களுக்கும் கிடைத்த ஆய்வுக் கவனம் 'சமூகம்' என்னும் முதற்சொல்லுக்குக் கிடைக்கவில்லை. மக்கள் வாழ்க்கையையோ போராட்டத்தையோ பாடுபொருளாகக் கொண்டிருந்தாலே ஓர் ஓவியம் சமூக ஓவியமாகிவிடும் என்ற எண்ணம் பெரும்பாலான வாசிப்புகளில் சொல்லப்படாத அடிப்படையாக இருக்கிறது. பாடுபொருளைக் காட்டிலும் சுவரைத் தருவோரின் இசைவும், அழிந்ததை மீள எழுதும் உழைப்புமே இக்கலையின் சமூகத்தன்மையைத் தீர்மானிக்கின்றன என்பதை இக்கட்டுரை நிறுவ முயல்கிறது.

சந்து என்னும் களம்

மெக்சிகோவின் பெரும் சுவரோவிய மரபுக்கும் இச்சந்து ஓவியங்களுக்கும் உள்ள உறவு பலராலும் பேசப்பட்டதே. தியேகோ ரிவேரா 1931இலும் 1940இலும் சான் பிரான்சிஸ்கோவில் சுவரோவியங்கள் படைத்தார். அவை நிறுவனங்களின் ஆதரவில் உருவானவை. அகன்ற பரப்பும் தொலைவிலிருந்து நோக்கும் பார்வையாளரும் அவற்றுக்கு வாய்த்தனர். பால்மி சந்தில் இவற்றுள் எதுவும் இல்லை. அங்கே ஓவியம் ஏறியிருப்பது பெரும்பாலும் மரப்பலகை வேலி. பலகை மழையில் ஊறும், வெயிலில் வெடிக்கும், சில ஆண்டுகளில் மாற்றப்படும். கொட்டகைக் கதவில் எழுதிய ஓவியம், வீட்டுக்காரர் காரை எடுக்கும் நேரத்தில் மேலே சுருண்டு மறைந்துவிடும். சந்து குறுகியதாதலால் பார்வையாளர் பின்னகர்ந்து ஓவியத்தை முழுமையாகக் காண இயலாது. நடந்தபடியே, பக்கவாட்டில், ஒன்றன்பின் ஒன்றாகவே காண வேண்டும். எனவே இங்கு வாசிப்புக்குரிய அலகு தனி ஓவியம் அன்று. சந்து முழுவதுமே ஒரு பனுவல். ஒளிப்பட நூல்கள் ஒவ்வோர் ஓவியத்தையும் சட்டமிட்டுத் தனித்துக் காட்டும்போது இத்தொடர்ச்சி அறுபட்டுப் போகிறது.

இன்னொன்றும் கருதத்தக்கது. வீட்டின் முகப்பு தெருவுக்கு உரியது. பின்புறமோ குப்பைத் தொட்டிக்கும் துணிக்கொடிக்கும் உரியது. வீட்டார் விருந்தினருக்குக் காட்டாத அந்தப் புறத்தை ஓவியத்துக்குத் தருகின்றனர். நகராட்சியின் ஆணையோ அருங்காட்சியகத்தின் அழைப்போ இதனைச் செய்துவிட முடியாது. வேலிக்கு உடையவர் கதவைத் திறந்து 'எழுதுங்கள்' என்று சொல்ல வேண்டும்.

பெண் ஓவியர்களும் 'அரசியல் போதாமை' என்ற குற்றச்சாட்டும்

1972இல் மியா கொன்சாலெஸ் என்னும் ஓவியர் அப்பகுதிக் குழந்தைகளுடன் சேர்ந்து எழுதியதே பால்மி சந்தின் முதல் சுவரோவியமாகக் கருதப்படுகிறது. அதையொட்டி, அச்சந்திலேயே குடியிருந்த பத்ரிசியா ரொத்ரிகெஸ், கிராசியெலா கர்ரியோ ஆகிய இரு பெண்கள் அங்கு ஓவியம் எழுதினர். பின்னர் இவர்கள் கொன்சுவேலோ மெந்தெஸ், இரேனே பெரெஸ் ஆகியோருடன் இணைந்து 'முஹேரெஸ் முராலிஸ்தாஸ்' (சுவரோவியப் பெண்கள்) என்ற குழுவாகச் செயல்பட்டனர். 1974இல் இக்குழு எழுதிய 'லத்தீனோஅமெரிக்கா' மிஷன் பகுதியின் குறிப்பிடத்தக்க படைப்புகளுள் ஒன்று.

புரட்சித் தலைவர்கள், துப்பாக்கி, உயர்த்திய முட்டி ஆகியவை அன்றைய சிக்கானோ சுவரோவியங்களின் வழக்கமான உருவங்கள். இக்குழு அவற்றைத் தவிர்த்துக் குடும்பம், சோளம், சந்தை, விழா, பெண்களின் அன்றாட உழைப்பு ஆகியவற்றை எழுதியது. உடன் இயங்கிய ஆண் ஓவியர் சிலர் இதனை அரசியல் போதாமையாகக் கண்டனர். பாடுபொருளை மட்டும் அளவுகோலாக்கினால் அக்குற்றச்சாட்டு பொருந்துவதுபோல் தோன்றும். ஆனால் அப்பெண்கள் தாம் குடியிருந்த சந்தின் சுவரிலிருந்து தொடங்கியவர்கள். சாரம் ஏறுவதும் பெருஞ்சுவர் எழுதுவதும் ஆண்களின் வேலையாகக் கருதப்பட்ட சூழலில், தெருவார் பார்க்கத் தாமே சாரம் ஏறி, கையொப்பத்தைக் கூட்டாக இட்டனர். உற்பத்தி முறையில் நிகழ்ந்த இம்மாற்றத்தை உருவங்களின் பட்டியலில் தேடிய விமர்சனம் காணத் தவறியதில் வியப்பில்லை.

1984: பிளாகா

பால்மி சந்து இன்று அறியப்படும் வடிவத்தைப் பெற்றது 1984இல் ஆகும். சிகாகோவிலிருந்து வந்த ஓவியர் ரே பத்லானின் ஒருங்கிணைப்பில் 30க்கும் மேற்பட்ட ஓவியர்கள் கூடி 27 ஓவியங்களை எழுதினர். 'பிளாகா' என்பது இம்முயற்சியின் பெயர். தெருவோர இளைஞர்கள் சுவரில் இடும் தம் பெயரடையாளத்தைக் குறிக்கும் சிக்கானோ வழக்குச் சொல் அது. நடு அமெரிக்கப் பண்பாடுகளைப் போற்றுவது, அங்கே அமெரிக்க அரசு நிகழ்த்தும் தலையீட்டை எதிர்ப்பது என்ற இரண்டும் அனைத்து ஓவியங்களுக்கும் பொதுக் கருப்பொருளாக வைக்கப்பட்டன. எல் சால்வதோரில் 1980 முதலும், குவாத்தமாலாவில் 1960 முதலும் உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்தது. அப்போர்களுக்குத் தப்பி வந்தோர் பலர் மிஷன் பகுதியில் குடியேறியிருந்தனர். எனவே ஓவியர் எழுதியதும் வேலிக்கு அப்பால் குடியிருந்தோர் சுமந்து வந்ததும் ஒன்றாகவே இருந்தன. வேலிக்கு உடையவர்கள் தந்த இசைவு இங்கு அரசியல் நிலைப்பாடாகவே மாறுகிறது. தம் நாட்டு அரசின் வெளியுறவுக் கொள்கையைக் கண்டிக்கும் ஓவியத்தைத் தம் கொட்டகைக் கதவில் ஏற்க ஒருவர் உடன்படும்போது, ஓவியருக்கு நிகரான பொறுப்பை அவரும் ஏற்கிறார். ஓவியர் பெயரைப் பதிவுசெய்யும் பட்டியல்கள் சுவர் தந்தோரின் பெயரைப் பதிவுசெய்வதில்லை.

அந்த 27இல் இன்று எஞ்சியிருப்பவை மிகச் சில. மிராண்டா பெர்க்மனும் ஓபிரையன் தீலும் எழுதிய, விடுதலை மலராக அரும்பும் எதிர்ப்பின் விதையைப் பண்பாடு தன்னுள் கொண்டுள்ளது என்னும் பொருள்படும் நெடுந்தலைப்புக் கொண்ட ஓவியம் அவற்றுள் ஒன்று. அதுவும் புதுப்பிக்கப்பட்ட நிலையிலேயே நிற்கிறது. மற்றவற்றின் இடத்தில் வேறு ஓவியங்கள் வந்துள்ளன. இதனை இழப்பின் வரலாறாக எழுதுவது எளிது. பல நூல்கள் அவ்வாறே எழுதியுள்ளன.

அடுக்குகளை வாசித்தல்

சுவரோவியத்தை அடுக்குகளாக வாசிப்பது தமிழ் ஆய்வுலகிற்குப் புதிதன்று. தஞ்சைப் பெரிய கோயிலின் உட்சுற்றில் நாயக்கர் கால ஓவியத்தின் அடியில் சோழர் கால ஓவியம் இருப்பதை 1931இல் எஸ். கே. கோவிந்தசாமி கண்டறிந்தார். பின்னர்த் தொல்லியல் துறை மேலடுக்கின் பகுதிகளைப் பெயர்த்துத் தனிப் பலகைகளில் ஏற்றி, இரண்டையும் காக்க வழி கண்டது. அங்கே அடிப்படைக் கேள்வி எது மூலம், எது மேலெழுத்து என்பதாகும். அக்கேள்வியை அப்படியே பால்மி சந்துக்குக் கொண்டுசெல்ல இயலாது. அங்கே முந்தைய அடுக்கின் ஓவியரே பிந்தைய அடுக்கையும் எழுதுவதுண்டு. பாடபேதங்களுள் ஒன்றை மூலபாடமாக நிறுவும் பதிப்பாசிரியரின் முறை இங்கே உதவாது. எல்லாப் பாடங்களுக்கும் ஆசிரியர் உயிருடன் இருந்து திருத்திக்கொண்டிருக்கும் பனுவல் இது.

24ஆம் தெருவும் யார்க் தெருவும் சந்திக்கும் முனைச் சுவர் இதற்குத் தெளிவான சான்று. 1983இல் ஹுவானா அலிசியா அங்கே 'லாஸ் லெச்சுகெராஸ்' என்னும் ஓவியத்தை எழுதினார். கீரைக்கோசு வயலில் உழைக்கும் பெண்களும் அவர்கள்மேல் படியும் பூச்சிக்கொல்லியும் அதன் பொருள். ஓவியரே அவ்வயல்களில் கூலி வேலை செய்தவர். சுவரில் நீர் ஊறி ஓவியம் பழுதடைந்தபோது, பழையதை நகலெடுத்து மீட்க அவர் முற்படவில்லை. 2004இல் அதே சுவரில் 'லா யோரோனாவின் புனித நீர்' என்னும் புதிய ஓவியத்தை நீல வண்ணங்களில் எழுதினார். லா யோரோனா, குழந்தைகளை இழந்து நீர்நிலையோரம் அழுது திரியும் மெக்சிகோ நாட்டார் கதைப் பெண். அப்பெண்ணின் பெயரில், தண்ணீர் தனியார்மயத்தை எதிர்த்த பொலிவியாவின் கொச்சபாம்பா மக்களும், அணையை எதிர்த்து வெள்ளத்தில் நின்ற நர்மதைப் பள்ளத்தாக்கு மக்களும், ஹுவாரெஸ் நகரில் பெண்கள் கொல்லப்பட்டதற்கு நீதி கேட்கும் கருப்புடைப் பெண்களும் ஒரே சுவரில் கூடுகின்றனர். சுவரைக் கெடுத்த நீரே புதிய ஓவியத்தின் பொருளாகியிருப்பது தற்செயலாக இருக்கலாம்; ஆயினும் வாசகர் அதைக் கடந்து செல்ல முடிவதில்லை. முதல் ஓவியத்தின் இழப்பை வருந்துவோர், வயலில் உழைத்த பெண்ணின் பார்வை 20 ஆண்டுகளில் எவ்வளவு விரிந்தது என்பதற்கு இரண்டாம் ஓவியமே சான்று என்பதையும் சேர்த்தே நோக்க வேண்டும். நர்மதை அச்சுவரை வந்தடைந்தது முதல் ஓவியம் இடம் விட்டதால்தான்.

1992இல் தொடங்கிய கிளாரியன் சந்துச் சுவரோவியத் திட்டம் இவ்வியல்பைக் கொள்கையாகவே ஏற்றது. பால்மி சந்தை முன்மாதிரியாகக் கொண்டாலும், பிளாகாவைப்போல் ஒரே கருப்பொருளை விதிக்காமல், பல பாணிகளுக்கும் பல குரல்களுக்கும் சுழற்சி முறையில் இடம் தந்தது. அங்கே தரம் ஒருசீராக இல்லை. முழக்கச் சொற்களை வண்ணமிட்டதற்கு மேல் எதுவும் செய்யாத சுவர்களும் உள்ளன. ஒருசீர்மையை எதிர்பார்ப்பது காட்சிக்கூடத்தின் அளவுகோலைச் சந்துக்கு ஏற்றுவதாகும் என்றாலும், மோசமான ஓவியத்தை மோசமானது என்று சொல்லத் தயங்கும் ஆய்வுகள் 'சமூகம்' என்ற சொல்லை விமர்சனத்திலிருந்து தப்பும் கேடயமாக்கிவிடுகின்றன.

சட்டம் யாரைக் காண்கிறது?

கலிபோர்னியா மாநிலத்தின் 1979ஆம் ஆண்டுக் கலைப் பாதுகாப்புச் சட்டமும், 1990இல் இயற்றப்பட்ட கூட்டாட்சி அரசின் காட்சிக் கலைஞர் உரிமைச் சட்டமும் ஓவியத்தைச் சுவரின் உடைமையாளரிடமிருந்து காக்க வந்தவை. மிஷன் பகுதியிலேயே இவற்றின் ஆற்றலும் எல்லையும் வெளிப்பட்டன. ஹெசூஸ் காம்பூசானோ 1986இல் நிறைவு செய்த 'லில்லி ஆன்' என்னும் மாபெரும் சுவரோவியம், கட்டடம் கைமாறிய பின், 1998இல் வெள்ளையடிக்கப்பட்டது. மறைந்த ஓவியரின் குடும்பத்தினர் வழக்குத் தொடுத்தனர். 2,00,000 டாலர் இழப்பீட்டுடன் வழக்கு உடன்பாட்டில் முடிந்தது. உடைமையாளர்கள் பலரை அது எச்சரித்திருக்கும் என்பதில் ஐயமில்லை.

எனினும் சட்டம் இங்கே இருவரை மட்டுமே காண்கிறது: ஓவியர் ஒருவர், உடைமையாளர் ஒருவர். நாள்தோறும் அச்சுவரைக் கடந்து நடந்தோர், வண்ணம் குழைத்துத் தந்தோர், எதிர்வீட்டிலிருந்து பார்த்து வளர்ந்தோர் எவரும் வழக்கில் தரப்பினராக இயலாது. 'சமூகச் சுவரோவியம்' என்ற வகைமையைக் கலை வரலாறு ஏற்றுக்கொண்டுவிட்டது. சட்டத்தில் அதற்கு இணையான சொல் இல்லை. கூட்டாக எழுதியோருக்குக் கூட்டுரிமை உண்டு என்பது வரை சட்டம் வருகிறது, அதற்கு மேல் வருவதில்லை.

வாடகையும் வண்ணமும்

மிகக் கடினமான முரண் சந்துக்கு வெளியே உள்ளது. 2000ஆம் ஆண்டளவில் மிஷன் பகுதி மக்களில் ஏறத்தாழப் பாதியாக இருந்த லத்தீன் மக்களின் பங்கு, கணினித் தொழிலின் செல்வம் நகருக்குள் பாய்ந்தபோது, வாடகை உயர்வாலும் வெளியேற்றங்களாலும் கணிசமாகக் குறைந்தது. அதே காலத்தில் பால்மி சந்து சுற்றுலா வழிகாட்டி நூல்களில் இடம்பெற்றது. 1977இல் தொடங்கிய பிரெசிதா ஐஸ் அமைப்பு கட்டணத்துடன் சுவரோவிய நடைப்பயணங்களை நடத்துகிறது. அவ்வருவாய் புதிய ஓவியங்களுக்கும் இளைஞர் பயிற்சிக்கும் உதவுவதால் அதனை எளிதில் குறைகூற இயலாது. ஆனால் வண்ணச் சுவர்கள் பகுதியின் மதிப்பை உயர்த்துவதும், உயர்ந்த மதிப்பு சுவர் தந்தவரின் வாடகை வீட்டை விழுங்குவதும் ஒரே தொடரின் இரு கண்ணிகள். லூசியா இப்போலிதோவும் திர்சோ அராய்சாவும் 2012இல் பால்மி சந்தில் எழுதிய 'மிஷன் மேக்கோவர்' இம்மாற்றத்தையே பொருளாக்கியது. வெளியேற்றத்தைக் கண்டிக்கும் அந்த ஓவியத்தின் முன் நின்று படமெடுப்போர், அதே மாற்றம் அழைத்துவந்த வருகையாளர்களே. இந்நிலையை அவ்வோவியத்தின் தோல்வி என்பது அவசரத் தீர்ப்பு. ஓவியத்திடம் கேட்கக்கூடாததை அதனிடம் கேட்பதாகும் அது.

2014இல் 24ஆம் தெருவைச் சுற்றிய பகுதி 'காயே 24' என்னும் பெயரில் லத்தீன் பண்பாட்டு மாவட்டமாக அறிவிக்கப்பட்டது. ஓவியங்களோடு கடைகள், குடியிருப்பு, மொழி ஆகியவற்றையும் சேர்த்துக் காக்க வேண்டும் என்ற எண்ணம் இதில் முதன்முறையாக நிர்வாக வடிவம் பெற்றது. 'சுவர் இருந்தால்தான் சித்திரம்' என்னும் தமிழ்ப் பழமொழி உடலையும் உயிரையும் குறித்து ஆளப்படுவது. மிஷன் பகுதியில் அதன் நேர்ப்பொருளே சிக்கலாகிறது. அங்கே சுவரும் நிற்கிறது, சித்திரமும் நிற்கிறது. இசைவு தந்தவர் இல்லை. புதிய உடைமையாளரின் இசைவு எதற்கானது என்பதை ஆராய்வதே இத்துறையின் அடுத்த பணியாக அமைய வேண்டும். அழகுக்காகவோ விலைக்காகவோ காக்கப்படும் ஓவியத்தை அதே வகைமைப் பெயரால் அழைப்பது பொருந்துமா என்பது எளிதில் விடை காணக்கூடிய வினா அன்று.

பிளாகாவை ஒருங்கிணைத்த பத்லானின் வாழ்விலேயே இதற்கு ஒரு நிகழ்வு உண்டு. அவர் சிகாகோவின் பில்சன் பகுதியில் இருந்த காசா அஸ்த்லான் என்னும் சமூக மையத்தின் சுவர்களில் 1970களில் ஓவியம் எழுதியிருந்தார். மையம் அக்கட்டடத்தை இழந்தது. கட்டடத்தை வாங்கிக் குடியிருப்பாக மாற்றியவர்கள் 2017இல் அவ்வோவியத்தின்மேல் சாம்பல் வண்ணம் பூசினர். பகுதி மக்களின் எதிர்ப்பு எழுந்த பின், அதே சுவரில் புதிய ஓவியம் எழுத பத்லான் அழைக்கப்பட்டார். அவரும் வந்து எழுதினார். சுவரில் ஓவியம் திரும்பியது. உள்ளே இருந்த மையம் திரும்பவில்லை; அங்கே இப்போது இருப்பவை வாடகை வீடுகள்.