உருப்படிகளும் ஊமைகளும்

ஜெயமோகனின் ‘ஏழாம் உலகம்’ 2003இல் வெளிவந்தது. போத்திவேலு பண்டாரம் என்பவர் ஊனமுற்றவர்களை வாங்கி, விற்று, பிச்சைக்கு உட்காரவைத்துப் பிழைப்பு நடத்துகிறார். அவர் கணக்கில் அவர்கள் மனிதர்களல்ல, ‘உருப்படிகள்’. அந்த உருப்படிகள் பழனிக்குக் கொண்டுவரப்படுவது நாவலில் முக்கியமான பகுதி. பழனிக்குக் கூப்பிடு தூரத்தில் இருக்கிற பாலசமுத்திரத்துச் சேரியில் உட்கார்ந்து இதை வாசிக்கும்போது, வேறு ஊர்க்காரர்களுக்கு வராத சில கேள்விகள் வருகின்றன.

நாவலுக்கு உரியதை முதலில் கொடுத்துவிடுவோம். அதில் வருகிற உருப்படிகள் சதா அழுதுகொண்டிருப்பதில்லை. நக்கல் பேசுகிறார்கள், ஒருத்தரை ஒருத்தர் வைகிறார்கள். முதலாளி வீட்டுக் கல்யாணச் சோறு தனக்கும் வேணும் என்று குய்யன் ஏங்குகிறான். முத்தம்மையின் பிள்ளைக்கு ரஜினிகாந்தின் பெயர். பண்டாரமோ தன் பெண்மக்கள்மேல் உயிரையே வைத்திருக்கிற அப்பன். அதே அப்பன்தான் முத்தம்மையைச் சினைமாடு மாதிரி வைத்து, ஊனத்தோடு பிள்ளை பிறந்தால் லாபம் என்று கணக்குப் போடுகிறான். சாதியைத் தெரிந்த நமக்கு இதில் அதிர்ச்சி ஒன்றும் இல்லை. நமக்குத் தெரிந்த பண்ணையார்களெல்லாம் அவரவர் வீட்டில் நல்ல அப்பன்கள்தான்.

என் சண்டை தலைப்போடு. ஏழாம் உலகம் என்றால் பாதாளம். நாம் இருக்கிற உலகத்துக்குக் கீழே, தனியாக, இருட்டாக. ஊனமுற்றவர்களை அங்கே வைத்துவிட்டால் வாசகன் எட்டிப் பார்த்துப் பதறிவிட்டு மேலே ஏறி வந்துவிடலாம். எங்களுக்கு அந்த வசதி இல்லை. எங்கள் தெருவில் மூன்றாவது வீட்டில் ஒருத்தர், கோயில் முக்கில் ஒருத்தர். கிணறு வெட்டப்போய் வெடியில் கண்ணை விட்டவர், மில்லில் விரலைக் கொடுத்தவர், சின்ன வயசுக் காய்ச்சலோடு கால் சூம்பிப்போனவர். நாவலில் ஊனம் பெரும்பாலும் பிறப்போடு வருகிறது, விதியைப்போல. இங்கே அதை ஆக்குகிறார்கள். கூலி ஆக்குகிறது, ஆஸ்பத்திரி தூரம் ஆக்குகிறது, சாதி ஆக்குகிறது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இந்தியாவில் ஊனமுற்றோர் 2.68 கோடிப் பேர், அதாவது 2.21 சதவீதம். பட்டியல் சாதியாரை மட்டும் எடுத்தால் 2.45 சதவீதம். இந்தக் கூடுதல் எங்கிருந்து வந்தது? முன்ஜென்மத்திலிருந்தா?

நாவலைத் தழுவி பாலா எடுத்த ‘நான் கடவுள்’ 2009இல் வந்தது. ஊனமுற்ற பலரே அதில் நடித்தார்கள். இயக்குநருக்குத் தேசிய விருது கிடைத்தது. படத்தின் முடிவில் கண் தெரியாத ஹம்சவல்லியை, அடித்துச் சிதைக்கப்பட்ட நிலையில், அகோரியான ருத்ரன் கொன்று ‘விடுதலை’ தருகிறான். அவளே கெஞ்சித்தான் கேட்கிறாள் என்பார்கள். அவளை அப்படிக் கெஞ்ச வைத்தது யார்? வாழ ஒரு வழியையும் திரைக்கதை விட்டுவைக்கவில்லை. ஊனமுற்றவளுக்கு மருத்துவம் இல்லை, படிப்பு இல்லை, மோட்சம் மட்டும் உண்டு என்பது கலையின் துணிச்சலாகக் கொண்டாடப்பட்டது. நந்தனை நெருப்பில் இறக்கிச் சோதியில் கலக்க வைத்த கதையைக் கேட்டு வளர்ந்த நமக்கு இந்த மோட்சத்தின் வாடை தெரியும்.

கடவுள் பெயரைச் சொல்லித் தள்ளிவிடுவது பழைய தந்திரம். நம்மை ஹரிஜன் என்றார்கள். 2015 டிசம்பரில் பிரதமர் மோடி ஊனமுற்றோரை ‘திவ்யாங்’ என்று அழைக்கலாம் என்றார், தெய்வீக உறுப்புடையோராம். தமிழில் ‘மாற்றுத்திறனாளி’ அரசாணையோடு வந்தது. அதில் அவமதிப்பு இல்லை, ஏற்றுக்கொண்டவர்களும் நிறையப் பேர். ஆனாலும் அதுவும் மேலிருந்து இறங்கி வந்த பெயர்தான். தலித் என்பது நாமே எடுத்துக்கொண்ட பெயர். இந்த வித்தியாசத்தை நாமல்லவா முதலில் பார்த்திருக்க வேண்டும்?

இப்போது பள்ளிக்கூடத்துக்கு வருகிறேன். நாவலும் படமும் எட்டிப்பார்க்காத இடம் அதுதான். 

எங்கள் பக்கம் பிள்ளைகளுக்குக் காதில் சீழ் வடிவது சாதாரணம். சளி பிடித்து, உள்ளே சீழ் கோத்து, செவிப்பறையில் ஓட்டை விழும். ஆரம்பத்திலேயே பார்த்தால் ஆறிப்போகிற நோய். “எண்ணெயக் காச்சி ரெண்டு சொட்டு விடு ஆத்தா, சரியாப் போயிரும்” என்று விட்டுவிடுவார்கள். ஒருநாள் கூலியைத் தொலைத்துவிட்டு யார் ஆஸ்பத்திரி வரிசையில் நிற்பது? பிள்ளைக்கு முழுச்செவிடும் ஆகாது. பாதி கேட்கும், பாதி கேட்காது. வாத்தியார் கரும்பலகையைப் பார்த்துப் பேசினால் ஒன்றும் கேட்காது, இதில் உட்காரவைப்பது கடைசி பெஞ்சில். கேட்ட கேள்விக்கு முழிக்கும். சேரிப் பிள்ளை முழித்தால் காரணம் தேட வேண்டியதில்லை, தயாராக ஒன்று இருக்கிறது: “இதுகளுக்கு எங்கடா படிப்பு ஏறும்?” காதைப் பார்க்க வேண்டிய இடத்தில் சாதியைப் பார்த்துவிடுகிறார்கள். நான் படித்த பள்ளியிலும் அப்படி இரண்டு பேர் இருந்தார்கள். ஐந்தாவது தாண்டவில்லை. கண்ணாடி போட்டால் தீர்ந்துபோகிற கிட்டப்பார்வைக்கும் இதே கதிதான்.

காலில் காலிப்பர் மாட்டிய பெண்பிள்ளை என்றால் இன்னொரு கதை. கக்கூசுக்குப் படி ஏற வேண்டும். ஏற முடியாது, அல்லது உள்ளே உட்கார முடியாது. அதனால் காலையிலிருந்து சாயங்காலம் வரை தண்ணீர் குடிக்க மாட்டாள். நீர்க்கடுப்பு, காய்ச்சல், நாலு நாள் லீவு, திரும்ப நீர்க்கடுப்பு. வருகைப் பதிவு குறையும், பிறகு பெயரை எடுத்துவிடுவார்கள். ‘உடம்புக்கு முடியலேன்னு நின்னுட்டா’ என்பார்கள். அவளுடைய கால் அவளை நிறுத்தவில்லை, ரெண்டு படி நிறுத்தியது. 1995இல் ஒரு சட்டம், 2016இல் இன்னொரு சட்டம். புதிய சட்டம் 21 வகை ஊனங்களைச் சொல்கிறது, உயர்கல்வியில் 5 சதவீத இடம் என்கிறது. நல்லது. அந்தக் கல்லூரி இடம்வரை இவள் எப்படிப் போய்ச் சேருவாள்? 2011 கணக்கின்படி ஊனமுற்ற பெண்களில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் ஏறத்தாழ 45 சதவீதம்.

ஜெயமோகனையும் பாலாவையும் மட்டும் கூண்டில் ஏற்றிவிட்டு நாம் தப்பித்துக்கொள்ளக் கூடாது தோழர்களே. தலித் எழுத்து உடம்பைப் பற்றிய எழுத்து. உழைக்கிற உடம்பு, அடிபட்ட உடம்பு, பறையடித்து ஆடுகிற உடம்பு. ஆடமுடியாத உடம்பு அதில் எத்தனை முறை நடுவில் வந்து நின்றிருக்கிறது? வந்தால் திண்ணையில் கிடக்கிற கிழவியாக ஓரமாக வரும். நம் மேடைகளைக் கேளுங்கள்: குருட்டு நீதி, செவிட்டு அரசு, முடமான சட்டம். எதிரியைத் திட்ட நமக்குக் கிடைத்த சொற்கள் இவை. சாதிப் பெயரைச் சொல்லித் திட்டினால் வழக்குப் போடுகிற நாம் இதை எந்தக் கூச்சமும் இல்லாமல் சொல்கிறோம்.

அம்பேத்கர் 1920 ஜனவரியில் தொடங்கிய முதல் பத்திரிகையின் பெயர் ‘மூக்நாயக்’, ஊமைகளின் தலைவன். பேச விடாமல் வாயடைக்கப்பட்டவர்களைத்தான் அவர் ஊமைகள் என்றார், பொருள் தெளிவானது. அந்தப் பெயரின் பலத்தில்தான் நூறு வருஷமாகப் பேசிக்கொண்டிருக்கிறோம். ஆனால் நிஜமாகவே வாய்பேசாத ஒரு தலித் பெண் நம் பத்திரிகைக்கு எப்படிச் சாட்சியம் தருவாள்? ‘குரல்’, ‘பேச்சு’, ‘வாய்மொழி’ என்றே நம் சாட்சியங்களுக்குப் பெயர் வைத்திருக்கிறோம்.

எங்கள் தெருவில் அப்படி ஓர் அக்கா இருக்கிறார். வயசு நாற்பதுக்கு மேல். பள்ளிக்கூடம் போனதில்லை, சைகைமொழி சொல்லித்தர யாரும் வந்ததில்லை. வீட்டில் பழகிய கைஜாடைதான். பழனி அடிவாரத்தில் வேலைக்குப் போன இடத்தில் நடந்ததை என்னிடம் சொல்லிக்கொண்டிருந்தார். அவருடைய அண்ணன் மகன் பக்கத்தில் நின்று பெயர்த்தான். நீளமாகக் கையாட்டிச் சொன்னதை அவன் “கூலி கொடுக்கலியாம்” என்று ஒரு வரியில் முடித்தான். அக்கா அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். அவன் தோளில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டிவிட்டு, முதலிலிருந்து மறுபடி ஆரம்பித்தார்.